முழங்கால் உயரத்தில் பூத்த வளைவு

ஊர் அவருக்கு வைத்த பெயர் மொட்டையக்கா. அவர் தலையில் முடிக்குக் குறைச்சல் இல்லை, மொட்டையடிப்பதெல்லாம் சாலையோரங்களுக்கு. சாலைத் துறையின் புல்வெட்டும் டிராக்டர் அவர் கையில்தான் இருக்கிறது. வளைவில் பழச்சாறு கடை வைத்திருப்பவர், "இன்னிக்கு எந்த ரோட்டுக்கு மொட்டை?" என்று தினமும் கேட்பார். "ரோடெல்லாம் முடிஞ்சுது. உங்க தலைய முடிக்கலாம்னு பாத்தா அங்க வேலையே இல்லியே" என்பார் அக்கா. கடைக்காரருக்கு வழுக்கை.

வழக்கமான புல் என்றால் அக்காவுக்குக் கவலை கிடையாது. தொல்லை தந்தது காஸ்மாஸ். எப்போதோ கப்பலில் வந்த தீவனக் கட்டுகளோடு கலந்து வந்து, வண்டிகளிலிருந்து உதிர்ந்து, சாலையோரத்தில் முளைத்துக்கொண்ட வெளியூர்ச் செடி அது. சோம்புச் செடிபோல நூல்நூலான இலை. ஆள் தோள் உயரத்துக்கு வளரும். வெள்ளை, இளஞ்சிவப்பு, அடர்சிவப்பு என்று பூக்கும். ஒரு பூ என்று நாம் நினைப்பது உண்மையில் ஒரு கூட்டம்: நடுவிலிருக்கும் மஞ்சள் பொட்டு முழுக்கக் குட்டிக் குட்டிப் பூக்கள். ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதைத்து, செத்துப்போகும். புல் அடர்ந்த இடத்தில் அதன் பாச்சா பலிக்காது. மண்ணைக் கிளறிப்போட்ட இடம் என்றால் கொண்டாட்டம். சாலை போடுகிறவர்களும் அகலப்படுத்துகிறவர்களும் அதற்கு ஆண்டுதோறும் இடம் ஒதுக்கிக்கொடுத்தார்கள்.

விதை கறுப்பு ஊசிபோல மெலிந்தது. காற்றில் பறந்து ஊர் தாண்டாது. ஆனால் சக்கரச் சேற்றில் ஒட்டும். வெட்டும் இயந்திரத்தின் அடித்தட்டில் தழையோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். பெருஞ்சாலையில் மட்டும் இருந்த பூ பள்ளிக்கூடத்துச் சந்து சேரும் வளைவுக்கு வந்தது அப்படித்தான். அக்கா அந்த ரோட்டை வெட்டிவிட்டு, டிராக்டரைக் கழுவாமல் இந்த ரோட்டுக்கு ஓட்டிவந்த ஆண்டிலிருந்து இங்கேயும் பூ.

அந்தச் சந்திலிருந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் வெளியே வருவது அவருடைய கணவர் ஓட்டும் பள்ளி வேன். "நீ விதைச்சே, அது என் கண்ண மறைக்குது. ஒரே வீட்ல இருந்துக்கிட்டு இப்படியா பண்ணுவே?" என்று அவர் சோற்றுத் தட்டுக்கு முன்னால் கேலி செய்வார். போன பருவத்தோடு அந்தக் கேலி நின்றது. பூக்களுக்கு நடுவிலிருந்து வேனின் மூக்கை நீட்டியபோது, பால் லாரி ஒன்று கிறீச்சிட்டு ஒரு கை அகலத்தில் நின்றது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அக்கா ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வளைவைத் தரையோடு தரையாக வெட்டத்தான் செய்தார். மண்ணில் காத்திருந்த விதைகள் மழைக்கு மறுபடி முளைத்து, பூக்கும் நேரத்துக்குள் தோளைத் தொட்டுவிடும். பூத்த பிறகு கைவைக்க முடியாது. படமெடுக்க வரும் கூட்டம் சண்டைக்கு வரும். துறைப் பொறியாளரிடம் சொன்னதற்கு அவர் வளைவில், எதிரே வரும் வண்டி தெரிய ஒரு குவிகண்ணாடி வைத்தார். படமெடுக்க வந்தவர்கள் அதில் தலைவாரிக்கொண்டார்கள்.

வழி கிடைத்தது ஒரு கோளாறில். லாரி கிறீச்சிட்ட அதே பருவத்தில், பெருஞ்சாலையில் ஒரு பகுதியை அக்கா தாமதமாக வெட்டும்போது பிளேடை ஏற்றி இறக்கும் லிஃப்ட் மக்கர் செய்து, பிளேடு கீழே இறங்காமல் நின்றுவிட்டது. செடிகளைக் கெண்டைக்கால் உயரத்தில் அரைகுறையாகக் கத்தரித்துவிட்டு வந்தார். அந்தச் செடிகளோ மற்றவை பூத்த அதே வாரத்தில் முழங்கால் உயரத்தில் நின்று பூத்தன.

நாத்தனார் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. அக்கா அவரிடம் கேட்டார்.

"அது உயரத்த பாத்துப் பூக்கறதில்ல அண்ணி. ராத்திரி நீள ஆரம்பிச்சா பூக்கும். குட்டையா இருந்தாலும் சரி, நெட்டையா இருந்தாலும் சரி."

"அப்ப எப்ப வெட்டினாலும் பூக்குமா?"

"மொட்டு வைக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி வெட்டணும். அடியில ரெண்டு மூணு கணுவாச்சும் விட்டு வைக்கணும், அதுலதான் கிளைக்கும். மழை பேஞ்சா பிழைக்கும். பேயலேன்னா என்கிட்ட வராதீங்க."

இந்த ஆண்டு பொறியாளர் புது உத்தரவு போட்டார்: அடுத்த மாதம் பிறந்ததிலிருந்து பூ முடியும்வரை வளைவுச் சாலையில் இயந்திரமே இறங்கக் கூடாது. மாதம் பிறப்பதற்கு முந்தைய நாள், அக்கா பிளேடை உயர்த்தி, வளைவின் இரண்டு பக்கத்தையும் கத்தரித்தார். இடுப்பளவு நின்ற செடிகள் குச்சிகளாயின. பழச்சாறு கடைக்காரர் படமெடுத்துப் பொறியாளருக்கு அனுப்பிவிட்டு, அதை அக்காவிடம் வந்து சொல்லவும் செய்தார். அவருக்குப் பூக்காலம்தான் வியாபாரம்.

பொறியாளர் போனில் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வளைவு பூக்கவில்லை என்றால் டிராக்டர் சாவியை ஒப்படைத்துவிட்டுக் கிடங்குக்கு மாறிக்கொள்ளலாம் என்றார்.

மழை வரவில்லை. குச்சிகள் வாடிப் பழுப்பேறின. வெட்ட அனுமதியில்லாத சாலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்று, கணவரும் மனைவியும் வேன் கழுவும் குழாயை இழுத்துவந்து மாலைகளில் நனைத்தார்கள். பழச்சாறு கடைக்காரர் முதலில் வேடிக்கை பார்த்தார். பிறகு குழாய் எட்டாத பக்கத்துக்குத் தன் வாளியைக் கொண்டுவந்தார். "செடிக்காகத்தான், உங்களுக்காக இல்ல" என்று மறக்காமல் சொன்னார்.

கணுவுக்கு இரண்டாகக் கிளை வந்தது. பெருஞ்சாலை பூத்தது. வளைவில் பச்சை மொட்டுகள் மட்டும் இருந்தன. அக்கா கிடங்கு வேலைக்கு எந்த பஸ் என்று விசாரித்து வைத்துக்கொண்டார். சில நாள் பிந்தி, ஒரு காலையில் வளைவும் முழங்கால் உயரத்தில், பாய் விரித்ததுபோலப் பூத்தது.

பொறியாளர் வந்து பார்த்தார். ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார். சாவியைப் பற்றிப் பேச்சே இல்லை. படமெடுக்க வந்தவர்கள் இப்போது பூவுக்கு நடுவே உட்கார வேண்டியிருந்தது. கடைக்காரர் இரண்டு பெஞ்சு போட்டார். "உக்காந்தவங்க ரெண்டாவது கிளாஸ் கேக்கறாங்க அக்கா" என்றார்.

அந்தப் பருவத்திலிருந்து அக்கா ஒரு சாலையை விட்டு இன்னொன்றுக்குப் போகுமுன் டிராக்டரின் அடித்தட்டைக் கழுவிவிடுகிறார். பெஞ்சு போட்ட அன்று இரவு கணவர் இரண்டாம் முறை சோறு கேட்டார்.

"பால் லாரிக்காரன இன்னிக்குப் பாத்தேன்" என்றார்.

அக்காவின் கையில் கரண்டி நின்றது. "எங்க?"

"வளைவுக்கு அந்தப் பக்கம் மரத்துக்கிட்ட வரும்போதே பூவுக்கு மேல லாரி தெரிஞ்சுது. அவனுக்கும் என்னைத் தெரிஞ்சிருக்கு. கைய ஆட்டிட்டுப் போறான்."