படத்தில் விழாத படலை

பத்திரிகைக்குப் படம் எடுப்பவன் ஊரில் எல்லார் வீட்டு நல்லது கெட்டதிலும் நிற்பான். தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும் நேரத்துக்கு வரமாட்டான். கமராப் பை தூக்கியே ஒரு தோள் இறங்கிப்போன சகபாடிகளுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

சுன்னாகத்து வெங்காயம்

வெங்காய விலை விழுந்ததென்று சந்தைக்கு அனுப்பினார்கள். குவியலின் மேல் ஏறாத குறையாக நின்று, அதை விளைவித்த, தலையில் துவாய் கட்டிய ஒரு கமக்காரரின் முகத்தை எடுத்தேன். முதற்பக்கத்தில் வந்தது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. உடனே கனடாவில் இருக்கிற அண்ணைக்கு அனுப்பினேன்.

அண்ணை சண்டைக்காலத்தில் எங்கள் அச்சுவேலி வீட்டை விட்டுப் போனவர். பிறகு வரவேயில்லை. நான் எடுக்கிற படங்கள்தான் அவருக்கு ஊர். பாராட்டப் போகிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். அவர் கேட்டார்: "வெங்காயம் இங்கையும் விக்குது. அந்தாளுக்குப் பின்னாலை ஒரு ஒழுங்கை போகுமே, அதை ஏன்ரா விட்டனி?"

பருத்தித்துறைக் கரை

சந்தைக்குப் பின்னால் போகும் அந்தக் குறுகிய ஒழுங்கையின் முகப்பில் முன்பு இராணுவக் காவலரண் இருந்தது. காவலரண் படத்தில் விழுந்தால் கமரா போகும், சிலவேளை ஆளும் போகும். அதனால் எங்கே போனாலும் முதலில் அது எங்கே என்று பார்த்து, அதற்கு முதுகைக் காட்டி நின்றுதான் எடுப்போம். உங்களுக்கும் அந்தப் பழக்கம் விட்டிருக்காது.

அண்மையில் பருத்தித்துறையில், காற்றுக்குப் பயந்து கரைக்கு இழுத்த வள்ளங்களை எடுக்கப் போனேன். நல்ல வெளிச்சமெல்லாம் ஒரு பக்கம் கிடக்க, நான் மற்றப் பக்கம் திரும்பி நின்று மல்லுக்கட்டினேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, உதிலை இருந்த ஆமிச் சென்றியைக் கழட்டிக் கனகாலம். இனிப் பயப்பிடாமல் திரும்புங்கோ."

எங்கள் படலை

போன மாதம் அண்ணைக்கு இருதயம் பழுதாகிவிட்டது. இனி விமானத்தில் ஏறவே கூடாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று, வீட்டு வாசற் படலையின் படம். அவர் போன அன்று அம்மா பிடித்துக்கொண்டு நின்ற படலை.

இதென்ன பெரிய வேலை என்று பழைய படங்களைக் கிளறினேன். எங்கள் வீதியால் போன தேர் இருந்தது, வெள்ளம் இருந்தது, தேர்தல் ஊர்வலம்கூட இருந்தது. படலை இல்லை. அதற்குப் பக்கத்தில்தானே காவலரண் இருந்தது. தினமும் நான் திறந்து பூட்டுகிற படலை, ஒரு படத்திலும் விழவில்லை.

விடிந்ததும் வீதியில் இறங்கி நின்று எடுத்தேன். காவலரண் போன இடத்தில் இப்போது வெறும் புல்தான். ஆனாலும் முதற்படத்தில் கை தன்பாட்டில் விலகி, படலையைப் பாதியில் வெட்டிவிட்டது. பிறகு நேராகப் பல எடுத்து அனுப்பினேன். அவசரத்தில் அந்த முதற்படமும் சேர்ந்து போய்விட்டது. அண்ணை அதைத்தான் முதலில் பார்த்திருக்கிறார். அது பிழையாகிப்போன படம், அழித்துவிட்டு மற்றவற்றைப் பாருங்கள் என்று தொலைபேசியில் சொன்னேன். அவர் சொன்னார்: "அது கிடக்கட்டும். மற்றதுகளை நான் திறக்கேல்லை. மிச்சப் பாதியை வந்துதான் பாப்பன்."

குடாநாட்டையே படம் பிடித்து முடித்தவன் என்று என்னைப் பற்றிச் சொல்கிறார்கள், என் வீட்டுப் படலையே இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது.