இடது கன்னத்துக் கோணல்

கணபதி ஏரியாவில் நானும் என் வீட்டுக்காரரும் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறோம். துணிக்கடைகளில் புடவை கட்டி நிறுத்தும் பொம்மைகளை ஃபைபரில் செய்வதுதான் தொழில். முகங்களைக் களிமண்ணில் செதுக்குவது நான். அச்செடுப்பதும் பெயிண்ட் அடிப்பதும் அவர்.

ஆர்.எஸ்.புரத்துப் பல் டாக்டர் ஒருவர் எங்களைத் தேடி வந்தார். சினிமாவில் வரும் தலைக்கவசங்களை அச்சு அசலாகச் செய்யச் சொல்லிச் சேர்த்து வைப்பவர். பழைய ஆங்கிலப் படமொன்றில் ஒரு தளபதி போட்டிருக்கும் கவசம் அவருக்கு வேண்டும்.

"ஒரு கீறல்கூட மாறக் கூடாதுங்க அம்மணி" என்றார்.

அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கவசத்தின் இடது கன்னம் வலது கன்னத்தைவிட ஒரு விரல்கடை இறங்கியிருந்தது. யாரோ கையால் செதுக்கியதால் வந்த கோணல். எந்த இரண்டு கன்னங்களையும் கை ஒன்றுபோலச் செய்யாது என்பது எனக்குத் தெரியும். தளபதி கீழே விழும் காட்சியில் அடி ஓரம் லேசாகப் பெயர்ந்து, உள்ளே வெள்ளை நார் தெரிந்தது. உலோகமாக இருந்தால் நசுங்கியிருக்கும், நார் தெரியாது. அது ஃபைபர்தான். பல வருடங்களாக உடைந்த பொம்மைகளை ஒட்டுகிறவளுக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

ஃபைபரிலேயே செய்து, கறுப்பு அடித்து, மேலே கிராஃபைட் பொடியைத் தேய்த்தோம். பழைய இரும்பு மாதிரியே வந்தது. டாக்டர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன். டாக்டர் விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, பிளாஸ்டிக்லயா செஞ்சுபோட்டீங்க?"

"ஃபைபருங்க சார். படத்துல இருக்கறதும் ஃபைபர்தானுங்க. இரும்பை மாட்டிக்கிட்டு அந்த நடிகர் அத்தனை சண்டை போட முடியுங்களா?"

அவர் சிரித்தார். "அவ்வளவு பெரிய படம் எடுத்தவங்க, துணிக்கடைப் பொம்மை மாதிரியா செய்வாங்க?" பிறகு ஸ்கேலை எடுத்துக் கன்னத்தில் வைத்தார். "இது வேற கோணலா இருக்குது. மெட்டல்ல, நேரா செஞ்சு குடுங்க."

ஒரிஜினலே கோணல்தான் என்று நான் அடித்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்கள் வேலையை அதுவரை யாரும் கலை என்று சொன்னதில்லை. அவர் சொல்லியிருந்தார். தன் வீட்டுச் சோபாவில் உட்காரவைத்துக் காபி கொடுத்திருந்தார். அந்த மரியாதையை இழக்க எனக்கு மனமில்லை.

மறுநாள் களிமண்ணை மறுபடி ஏற்றி, இடது கன்னத்தை வழித்து வலதுக்குச் சமமாக்கினேன். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தப்புன்னு தெரிஞ்சே எதுக்கு செய்யறே?"

"அவரு கேக்கறாரு, செய்யறேன்" என்றேன்.

பக்கத்துத் தெரு ஃபவுண்டரியில் அலுமினியத்தில் வார்த்து, பாலிஷ் போட்டுக் கொடுத்தோம். டாக்டர் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுதானுங்க அம்மணி ஒரிஜினல்" என்றார். ஃபைபரில் செய்தது எங்கள் பட்டறை அலமாரிக்குத் திரும்பியது.

கொஞ்ச நாளில், இப்படிச் சேகரிப்பவர்கள் எல்லோரும் ஒரு ஓட்டல் ஹாலில் கூடினார்கள். டாக்டர் எங்களையும் அழைத்திருந்தார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். சென்னையிலிருந்து வந்த ஒருவர், படத்தில் பயன்படுத்திய கவசத்தை வெளிநாட்டில் நேரில் பார்த்தவராம், எங்களுடையதைத் தூக்கியதுமே கீழே வைத்துவிட்டார்.

"மெட்டலா? ஒரிஜினல் ஃபைபர் சார். இடது கன்னம் இறங்கியிருக்கும். அதுதான் அதோட அடையாளமே. இதுல அதையே காணோம்."

டாக்டரின் முகம் சிவந்தது. நான்கடி தள்ளி நான் நிற்பது அவருக்குத் தெரியும். "துணிக்கடைப் பொம்மை செய்யறவங்ககிட்டக் குடுத்தது என் தப்புங்க" என்றார். "அவங்களுக்கு இந்த நுணுக்கமெல்லாம் எங்க தெரியப்போகுது?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார், நான் வாயைத் திறப்பேன் என்று. நான் டம்ளரில் இருந்த ஜூஸைக் குடித்து முடித்தேன்.

ஒரு வாரம் கழித்து டாக்டரே பட்டறைக்கு வந்தார். "அம்மணி, முதல்ல ஃபைபர்ல ஒண்ணு செஞ்சீங்களே, அது இருக்குதுங்களா?"

எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கேட்டேன்: "அன்னைக்கு எல்லாருத்துக்கு முன்னாடியும் அப்பிடிச் சொல்லிட்டீங்களே சார்?"

"அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, கோணல் கன்னத்தைப் பஞ்சில் சுற்றிக் காரில் வைத்துக்கொண்டு போனார்.

போன மாதம் பொம்மை வாங்க வந்த கடைக்காரர் ஒருவர், டாக்டரிடம் பல் காட்டுகிறவர், அந்தக் கவசத்தைப் பார்த்ததாகச் சொன்னார். "படத்தைப் பாத்துப் பாத்து அந்தக் கோணலை டாக்டரே கண்டுபிடிச்சாராமுங்க. என்ன கண்ணுங்க அவருக்கு!"

உப்புத்தாளை மடித்து, கையிலிருந்த பொம்மையின் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் போன பிறகுதான் பார்த்தேன், மூக்கு ஒரு பக்கம் முழுக்கக் கரைந்து போயிருந்தது.