கேள்வித்தாளுக்குப் போட்ட பூட்டு

எழுதிப் பழக்கம் இல்லாதவள் எழுதுகிறேன். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. மறதியும் வந்துவிட்டது. காலையில் மாத்திரை போட்டாயா என்று யாராவது கேட்டால் அட்டையை எடுத்துப் பார்த்துத்தான் சொல்வேன். முன்பின் இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்ட ஒன்றை எழுதியாவது வைக்கலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது ஐந்தாவது வரை. எண்பதுகளில் கிழக்குத் தாம்பரத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே தமிழ் மிஷின் இரண்டு இருந்தது. மத்தியானம் ஆள் வராத நேரத்தில், துடைக்கிற சாக்கில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டிப் பார்ப்பேன். ஒரு நாள் சார் பார்த்துவிட்டார். சார் என்றால் முதலாளியும் அவரே, வாத்தியாரும் அவரே. திட்டப் போகிறார் என்று எழுந்து நின்றேன்.

"அடிங்கம்மா, பரவால்ல. ஆனா புது ரிப்பன்ல அடிக்காதீங்க. தேஞ்ச ரிப்பன் அலமாரில கிடக்கு" என்றார்.

மையே இல்லாத ரிப்பனில் கற்றுக்கொண்டேன். நான் என்ன அடித்தேன் என்று மற்றவர்களுக்குத் தெரியாது, என்ன தப்பு விட்டேன் என்று எனக்கும் தெரியாது. அதனாலேயே தைரியமாக அடித்து வேகம் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் சார் மிஷின்களை விற்றுவிட்டு இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினார். வெளிப் போர்டில் ‘டி.டி.பி.’ என்று சேர்த்தார். ஒன்றில் அவர் இங்கிலீஷ் அடிப்பார், மற்றதில் நான் தமிழ். எழுத்துகளின் இடம் பழைய தமிழ் மிஷினில் இருந்தபடியே இருந்ததால் என் விரல்களுக்குக் கஷ்டம் இல்லை. ஒரு விஷயம் மட்டும் புதிது. கீபோர்டின் மேல் வரிசையில் ஒரு கீயை அழுத்தினால்தான் தமிழ் வரும். மறுபடி அழுத்தினால் இங்கிலீஷுக்குப் போய்விடும். எனக்கு இங்கிலீஷில் என்ன வேலை? காலையில் ஒரு தடவை அழுத்துவேன், கம்ப்யூட்டரை நிறுத்துகிறவரை அப்படியே கிடக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மேடம் வந்தார். பக்கத்தில் இருந்த ஒரு தமிழ் மீடியம் பள்ளிக்கூடத்துக்கு ஹெட்மிஸ்ட்ரஸ். ஆறாவது முதல் எட்டாவது வரை பரீட்சைக் கேள்வித்தாள்களை அடித்துத் தர வேண்டும், ஒரு வரிகூட வெளியே போகக் கூடாது என்றார். அடிப்பது யார் என்று கேட்டார். சார் என்னைக் காட்டினார்.

"நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?"

"அஞ்சாவது, மேடம்."

"பசங்க ஸ்கூல்ல படிக்கறாங்களா?"

"எனக்குப் பசங்க இல்ல, மேடம்."

"நல்லதாப் போச்சு" என்றார் மேடம்.

இந்த இரண்டு பதிலுக்கும் நல்லதாப் போச்சு என்று சொன்ன ஒரே மனுஷி அவர்தான். வேலை எங்களுக்குக் கிடைத்தது.

அறிவியல் தாளில் தவளை, இதயம், புவியியலில் இந்தியா மேப் என்று படங்கள் வரும். அதை எல்லாம் ஸ்கேன் பண்ணிப் போட்டால் ஃபைல் ஒரு ஃபிளாப்பியில் அடங்காது. அதற்கு ஒரு சாஃப்ட்வேர் வைத்திருந்தார் சார். எல்லா ஃபைல்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி அமுக்கி, மேலே பூட்டும் போட்டுவிடும்.

"இலவம்பஞ்சு மெத்தைய மிதிச்சு டிரங்குப் பெட்டில அடைக்கிற மாதிரிம்மா. திறந்தா பழையபடி உப்பிடும்" என்று விளக்கினார்.

எனக்கு நம்பிக்கை இல்லை. அமுக்குகிற அமுக்கில் எழுத்து மேலே இருக்கிற புள்ளி உதிர்ந்துவிட்டால்? ‘தக்காளி’ தககாளி ஆகிவிடுமே. முதல் தடவை ஒரு பக்கத்தின் புள்ளிகளை எண்ணி வைத்துக்கொண்டு, மூட்டை கட்டிப் பிரித்த பிறகு மறுபடி எண்ணினேன். ஒன்று அதிகமாக இருந்தது. பார்த்தால் அது திரையில் ஈ வைத்துவிட்டுப் போனது.

எந்தெந்தக் கட்டத்தில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சார் சொல்லிக் கொடுத்தார். எவ்வளவு அமுக்க வேண்டும் என்ற இடத்தில் மேக்சிமம், நார்மல், ஃபாஸ்ட் என்று வரும். சார் எப்போதும் மேக்சிமம்தான். "இருக்கறதுலயே பெருசு இருக்கும்போது எதுக்கும்மா சின்னது?" என்பார். நார்மலுக்கும் அதற்கும் வித்தியாசம் ஒரு கைக்குட்டை அளவுதான் இருக்கும். நேரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும். இன்னொரு கட்டத்தில் ‘ஆட்’, ‘மூவ்’ என்று இரண்டு. ஆட் போட்டால் மூட்டைக்குள் ஒன்று போகும், வெளியேயும் ஒன்று இருக்கும். மூவ் போட்டால் உள்ளே போனதும் வெளியே இருப்பது அழிந்துவிடும். மேடத்துக்கு மூவ்தான் பிடித்தது.

பாஸ்வேர்டு மேடமே போடுவார். அவர் அடிக்கும்போது சாரும் நானும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அவர் தைரியமாகத் திரையையே பார்த்து அடிப்பார், ஏனென்றால் அங்கே எழுத்துக்குப் பதில் நட்சத்திரம்தான் வரும். இரண்டு தடவை அடித்து இரண்டும் ஒத்துப்போனால் பூட்டு விழும்.

முதல் பரீட்சைக்குப் பூட்டுப் போட்டதும் மேடம் அலறினார். "என்ன சார் இது, எட்டாவது சயின்ஸுனு பேரு வெளிய தெரியுதே!"

"பேரு மட்டும்தான் மேடம் தெரியும். உள்ள போக முடியாது."

மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த பரீட்சையிலிருந்து ஃபைல்களுக்குக் காய்கறிப் பெயர் வைக்கச் சொன்னார். எட்டாவது அறிவியல் கத்தரி. ஏழாவது கணக்கு அவரை. எந்தக் காய் எந்தத் தாள் என்று மேடம் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அது தொலைந்துவிடக் கூடாதே என்று சார் பத்திரமாக என் திரையின் ஓரத்திலேயே ஒட்டி வைத்தார்.

கீழே ஜெராக்ஸ் கடையில் ஒரு அம்மா இருந்தாள். என்னைவிடச் சின்னவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

"இன்னாக்கா, எட்டாங்கிளாஸ் பேப்பரு உன் கையிலதான் கீதாமே? எம் பொண்ணுக்கு ரெண்டே ரெண்டு கேள்வி சொல்லேன், கொறஞ்சா பூடுவே?"

"நான் எங்க படிச்சேன்? விரலு அடிக்குது, அவ்ளோதான்."

"அந்த வெரல கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

நான் சிரித்துக்கொண்டே படியேறிவிடுவேன். உண்மையிலேயே சொல்ல மாட்டேன். மானம் என்று எனக்கு இருந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு அரைப் பரீட்சை வந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் கடைசித் தாளான எட்டாவது தமிழை அடித்து முடித்தேன். மேடம் பக்கத்திலேயே உட்கார்ந்து சரிபார்த்தார். நான் எழுந்தேன், அவர் உட்கார்ந்தார். மேக்சிமம், மூவ், பாஸ்வேர்டு. நாங்கள் சுவரைப் பார்த்தோம். பூட்டு விழுந்தது. சார் அதை இரண்டு ஃபிளாப்பியிலும் காப்பி எடுத்து வைத்தார். ஆசிரியர்கள் கையால் எழுதிக் கொடுத்த தாள்களை மேடம் வழக்கம்போல வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பரீட்சை. சனிக்கிழமை காலையில் பிரிண்ட் எடுக்க மேடம் வந்தார். அன்று நான் இன்னும் ஒரு எழுத்தும் அடித்திருக்கவில்லை. சார்தான் என் கம்ப்யூட்டரைப் போட்டு வைத்திருந்தார். மேடம் பாஸ்வேர்டு அடித்தார். தப்பு என்று வந்தது. மறுபடி அடித்தார். மறுபடி தப்பு. ஃபிளாப்பியைப் போட்டார்கள், அதுவும் அதே பதில்தான் சொன்னது. இரண்டு காப்பி எடுத்தோமே தவிர, பூட்டு ஒன்றுதானே.

"மேடம், ஸ்பெல்லிங் ஏதாவது..." என்று சார் மெதுவாக ஆரம்பித்தார்.

"நான் இங்கிலீஷ் டீச்சர், சார்."

"இல்ல மேடம், மேக்சிமம் வச்சோம் பாருங்க, அதுல ரொம்ப இறுகிப் போயிருக்கும். அடுத்த தடவ நார்மலே போதும்."

"அடுத்த தடவைய விடுங்க. திங்கக்கெழம நான் பசங்களுக்கு என்னத்தக் குடுப்பேன்?"

"கையால எழுதின பேப்பர் இருக்குல்ல மேடம்? ராத்திரியும் பகலுமா உட்கார்ந்தா..."

"அதெல்லாம் வெந்நீர் அடுப்புல போட்டாச்சு."

அப்புறம் மேடம் நாற்காலியை என் பக்கமாகத் திருப்பினார்.

"வியாழக்கிழமைக்கு அப்புறம் இந்த மெஷின்ல யார் உட்கார்ந்தாங்க?"

"என்னத் தவிர வேற யாரும் உட்காரல மேடம்" என்றேன்.

"கீழ ஜெராக்ஸ் கடையில இவங்களோட யாரோ பரீட்சைப் பேப்பரப் பத்திப் பேசினத நானே காதால கேட்டிருக்கேன் சார். இவங்க எதையாவது திறக்கப் பார்த்திருக்காங்க, அதுல பூட்டு கெட்டுப் போச்சு. பேப்பர் வெளிய போயிருந்தா சும்மா விட மாட்டேன். இவங்கள வச்சிருக்கற எடத்துக்கு எங்க ஸ்கூல் வேலை வராது."

சார் என்னைப் பார்க்கவில்லை, மேஜையைப் பார்த்தார். எங்களுக்கு வந்துகொண்டிருந்த பெரிய வேலை அந்தப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். பள்ளிக்கூடமா நானா என்றால் அவர் என்ன செய்வார் என்று அவர் முதுகே சொன்னது.

"கடைசியா ஒரே ஒரு தடவ அடிச்சுப் பார்க்கறேன்" என்றார் மேடம். திருடி என்று சொன்ன பிறகும் ஒழுங்கு தப்பவில்லை. திரும்பி நிற்கச் சொன்னார். நின்றோம்.

சுவரில் பழைய இன்ஸ்டிட்யூட் காலத்துத் தமிழ்க் கீபோர்டு படம் ஒட்டியிருந்தது. எந்தக் கீயில் எந்த எழுத்து என்று காட்டும் படம். அதைப் பார்த்துக்கொண்டே நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. வியாழக்கிழமை நான் தமிழ்த் தாளை அடித்துவிட்டு அப்படியே எழுந்தேன். தமிழ்க் கீ போட்டபடி இருந்தது. மேடம் அதன் மேலேதான் தன் இங்கிலீஷ் வார்த்தையை அடித்திருக்கிறார். நட்சத்திரத்தில் தமிழ் ஏது, இங்கிலீஷ் ஏது? உள்ளே போய் விழுந்தது என்னென்ன எழுத்தோ. இத்தனை நாள் திறக்கும்போதும் அந்தக் கீ போட்டபடியே இருந்திருக்கும். இன்றைக்கு நான் அதை இன்னும் அழுத்தவில்லை. அதனால் அவர் சரியான இங்கிலீஷை அடிக்க அடிக்கப் பூட்டு தப்பு என்கிறது.

சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், "அப்போ உங்க தப்புதானே?" என்பார். அதுகூடப் பரவாயில்லை. ‘எப்படித் திறக்கிறதுனு தெரிஞ்சுகிட்டேதான் நின்னீங்களா?’ என்று கேட்டால்? என்னால் நாலு வார்த்தை சேர்த்துப் பேச முடியாது. நான் நினைத்தது சரிதானா என்பதும் நிச்சயம் இல்லை.

மறுபடி தப்பு என்று வந்தது. மேடம் கைப்பையை எடுத்தார். நான் இடுப்பில் செருகியிருந்த துணியை எடுத்துக்கொண்டு போய் கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தேன். கீழ் வரிசை, நடு வரிசை, மேல் வரிசை. மேல் வரிசையில் துணிக்கு அடியில் அந்தக் கீயை ஒரு தடவை அழுத்தினேன்.

"தூசியா கீது மேடம். இன்னொரு தடவ."

"என்னம்மா நீங்க, இந்த நேரத்துல தூசி கீசினு!" என்றார் சார். நான் நகரவில்லை. மேடம் நின்றபடியே, கோபத்தோடு, ஒற்றை விரலால் அடித்தார்.

திறந்துகொண்டது. கத்தரி, அவரை, முருங்கை எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"பார்த்தீங்களா சார்? தூசி! மெயின்டனன்ஸே இல்ல இங்க" என்றார் மேடம்.

"ஆமா மேடம், கீக்கு அடியில போயிருக்கு" என்றார் சார், மேக்சிமத்தைச் சுத்தமாக மறந்துவிட்டு.

"ஆமா சார், தூசிதான்" என்றேன் நானும்.

என்னைத் திருடி என்றது பற்றி மேடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு பரீட்சைக்கும், பூட்டுப் போடும்போதும் திறக்கும்போதும், "அந்தம்மாவக் கூப்பிட்டுத் தொடைக்கச் சொல்லுங்க" என்பார். நானும் துடைத்து, இரண்டு தடவையும் தமிழ்க் கீ போட்டபடி இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். மேடத்தின் பாஸ்வேர்டு யாருக்காவது தெரிந்திருந்தால்கூட அந்தப் பூட்டைத் திறந்திருக்க முடியாது. தாம்பரத்தில் அவ்வளவு உறுதியான பூட்டு பேங்கில்கூட இருந்திருக்காது. ஒரு தடவை காய்ச்சலில் படுத்திருந்தேன். சார் வீட்டுக்கே வந்து ஆட்டோவில் கூட்டிப் போனார். படியேறும்போது ஜெராக்ஸ் கடைக்காரி, "இன்னாக்கா, தொடைக்கறதுக்குத் தாம்பரத்துல வேற ஆளே இல்லியா?" என்றாள்.

சில வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்திலேயே கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். மேடம் கடைசியாக வந்து, அத்தனை வருஷத்துக் கேள்வித்தாள் ஃபிளாப்பிகளையும் ஒரு ஸ்வீட் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டார். புதிதாகக் கேள்வி தயாரிக்க உதவும் என்றார். பாஸ்வேர்டுக்கு முன்னால் தமிழ்க் கீயை அழுத்த வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் இருக்கிற துணியை எல்லாம் போட்டுத் துடைத்தாலும் ஒன்றும் திறக்காது. மாடிப்படி வரைக்கும் பின்னாலேயே போனேன். "மேடம்" என்றேன். திரும்பினார்.

"என்ன?"

"பாத்துப் போங்க மேடம், படி வழுக்கும்."

அது தொண்ணூற்றெட்டா தொண்ணூற்றொன்பதா என்று நினைவில்லை. தமிழுக்கு அழுத்திய அந்தக் கீ மேல் வரிசையில் கடைசிக்கு முந்தினது என்று என் விரல் சொல்கிறது, ஆனால் சத்தியம் பண்ண மாட்டேன். அந்தக் காலத்து சாஃப்ட்வேரில் பூட்டிய பிறகும் ஃபைல் பெயர் வெளியே தெரியும் என்று எழுதியிருக்கிறேனே, அதுவும் சரிதானா? விஷயம் தெரிந்தவர்கள் யாராவது பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்கள்.