அக்காவின் நகக் கறை

"கையைக் காட்டு" என்று துரைசானியம்மா சொல்லியும் என் அக்கா காட்டவில்லை. இரண்டு கைகளையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வேலூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிப்புக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்கிற அறை அது. மேஜைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் துரைசானி. இந்தப் பக்கம் அக்காவும் அம்மாவும், வீட்டில் விட்டு வர ஆளில்லாததால் கூடவே இழுத்து வரப்பட்ட நானும்.

ஆம்பூரில் எங்கள் ஜனங்களை அடையாளம் கண்டுபிடிக்க முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, நகம் போதும். தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். தோல் ஷாப் என்று நாங்கள் சொல்கிற பதனிடும் ஆலைக்கு அதை இடித்துக் கொடுப்பது எங்கள் தெருப் பெண்களின் வேலை. அதன் சாறு நகத்தில் ஏறிவிட்டால் லேசில் போகாது. அம்மாவுக்குப் பத்து நகமும் வறுத்த காப்பிக்கொட்டை நிறம். அக்கா மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள்தான். படித்தால் என்ன? பள்ளி விட்டு வந்ததும் அவள் கையிலும் உலக்கைதான்.

நர்ஸ் ஆசை அவளுக்கு வந்த கதை வேடிக்கையானது. அம்மா காய்ச்சல் கண்டு அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, எங்கள் முதலாளியின் கணக்கப்பிள்ளை யாரையோ பார்க்க வார்டுக்குள் நுழைந்தானாம். கறுத்து மெலிந்த ஒரு நர்ஸ், "வெளியே நில்லு" என்றாளாம். நின்றானாம்! எங்களை எல்லாம் வெயிலில் நிற்க வைக்கிற மனுஷன். அன்றிலிருந்து அக்காவுக்குச் சாப்பாட்டிலும் நினைவில்லை, தூக்கத்திலும் நினைவில்லை.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நர்ஸுன்னா எவன் வந்து கட்டுவான்?" என்பார். கோலார் சுரங்கத்தில் வேலை செய்கிற ஒரு பையனை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். பாதிரியார் வந்து பேசிய பிறகு, போனால் போகிறது என்று ஒரு வழி விட்டார். "ஒரு தரம் போய்ட்டு வாங்க. எடுத்துக்கலன்னா தை மாசம் கல்யாணம். அப்பறம் எங்கிட்ட யாரும் பேஜார் பண்ணக்கூடாது." சொன்னால் சொன்னதுதான், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பார்களாம், நகத்தில் அழுக்கு இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குக் கிலி பிடித்துக்கொண்டது. புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், எலுமிச்சம்பழம் பிழிந்தாள். கறை அசையவில்லை. புறப்படுவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவளுக்கு ஒரு யோசனை தோன்றியது. தோலை ஊறப்போடுகிற சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஒரு சட்டி மொண்டு வந்தாள். "மாட்டுத் தோல்ல மயிரே உதிருது, இந்தக் கறை எம்மாத்திரம்?" என்றாள். அக்கா விரல்களை அதில் அமுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "எரியுதும்மா" என்பாள். "எரிஞ்சாத்தான் போவும்" என்பாள் அம்மா.

வேலை முடிந்து அப்பா வந்தபோது விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து தொங்கியது. கறை போகவில்லை, முன்னைவிடக் கறுத்திருந்தது. அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அந்தத் தொட்டியில டெய்லி எறங்கறவன் நானு! எண்ணெ தடவிக்காம விரல வெப்பாளா ஒருத்தி? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டா இன்னா?" எப்படிக் கேட்பது? வேண்டாம் என்று நிற்கிறவரே அவர்தானே.

ஆக மறுநாள் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஜட்கா வண்டியில் பாலாற்றுப் பாலம் தாண்டி, அந்த அறைக்கு வந்து நின்றோம். கடைசியில் அக்கா கையை நீட்டினாள். துரைசானி கண்ணாடியைக் கழற்றினார்.

"இது என்ன?"

"கறை போகணும்னு எங்கம்மா சுண்ணாம்புல..." அக்கா பாதியில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தாள்.

துரைசானி வெள்ளைக்காரத் தமிழில் நிதானமாகச் சொன்னார். "கறை யார் மேலேயும் ஒட்டாது. இங்கே நிறையப் பெண்களுக்கு இந்த நகம்தான். புண் கையை மட்டும் நோயாளி மேலே வைக்க விடமாட்டேன். முதலில் ஆறட்டும்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பாழாய்ப்போன சுண்ணாம்பு, தை மாசம், கோலார், எல்லாவற்றையும் கொட்டி ஓவென்று அழுதாள். "நான்தான் எம்பொண்ணு கைய அவிச்சிட்டேன் தாயே." எனக்கும் அழுகை வந்தது. அக்கா மட்டும் அழவில்லை.

"திரும்பிப் போகச் சொன்னேனா?" என்றார் துரைசானி. மருந்து வைத்துக் கட்டி, அன்றைக்கே அக்காவை வார்டில் ஒரு கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். ஆம், நோயாளியாகத்தான் அக்கா அந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள். அம்மாவும் நானும் ஊர் திரும்பினோம். "இன்னா ஆச்சு?" என்றார் அப்பா. "அங்கியே இருக்கச் சொல்லிட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். மிச்சக் கதை அப்பாவுக்குத் தெரியவந்தபோது புண் ஆறியிருந்தது, அக்கா வெள்ளைச் சேலையும் கட்டியிருந்தாள். கோலார்ப் பையனுக்கு வேறு இடத்தில் பெண் கிடைத்தது.

அக்கா போன வழியில் பிற்பாடு நானும் படித்து, இப்போது சென்னப்பட்டணத்தில் வாத்தியாரம்மாவாக இருக்கிறேன். குழாயைத் திருகினால் தண்ணீர், பொத்தானை அமுக்கினால் விளக்கு. என் மகளுக்கு ஆவாரம்பூ தெரியும், பட்டை தெரியாது. இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அக்கா முதன்முதலாக லீவில் வந்த அந்தக் கிறிஸ்துமஸ் மட்டும் இன்னும் மறக்கவில்லை.

பண்டிகைக்கு முன் ஷாப்புக்குப் போக வேண்டிய பட்டை வாசலில் குவிந்து கிடந்தது. அக்கா வந்ததும் வராததுமாகச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உலக்கையை எடுத்தாள். அம்மா ஓடிவந்து பிடுங்கினாள். "கைய எடுடி! உள்ள போய் உக்காரு. காப்பி கொண்டாரேன்." அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது.

"இன்னாம்மா, நான் இந்த வூட்டுக்கு விருந்தாளியா?"

"ஆமாண்டி" என்றாள் அம்மா. "அதுக்குத்தானே அனுப்பினேன்."