கோல்ட் ரூமுக்கு நடந்த பந்தயம்

டொரொண்டோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற ஊரில் இருக்கும் எங்கள் வீட்டின் பேஸ்மெண்டில், முன்வாசல் படிகளுக்குக் கீழே, ஒரு கோல்ட் ரூம், அதாவது குளிர் அறை, உண்டு. ஹீட்டர் எட்டாத சின்ன அறை. அந்த அறைக்கு நானும் மனைவியும் ஒரே நேரத்தில் ஆசைப்பட்டோம். அவள் இறைச்சியும் மீனும் வைத்துச் சுருட்டிப் பொரிக்கிற ரோல்ஸ் செய்து விற்கிறவள். ஒவ்வொரு ஓடருக்கும் கோட்டை மாட்டிக்கொண்டு பனிக்குள் கராஜுக்கு ஓட முடியாது, அங்கே கிடக்கும் பிரீசரை இங்கே இறக்கவேண்டும் என்றாள். எனக்கோ லாகர் காய்ச்ச வேண்டும். லாகர் குளிரில் மெதுவாகப் புளிக்கிற பியர். அதற்கு இதைவிட நல்ல இடம் டொரொண்டோ முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

"சரி, ஒருக்காக் காய்ச்சுங்கோ," என்றாள். "தம்பி குடிச்சுப் பாத்து நல்ல லாகர் எண்டு சொன்னா ரூம் உங்களுக்கு. இல்லாட்டி பிரீசருக்கு."

தம்பி என்றது ஒஷாவாவில் இருக்கும் அவளுடைய தம்பியை, என் மச்சானை. அவனும் வீட்டில் பியர் செய்கிறவன்தான், ஆனால் தகர ரின்னில் அடைத்த ஆயத்தப் பாகோடு வரும் கிட் வாங்கிச் செய்கிறவன்.

"அத்தான், ஏன் கரைச்சல்? கிட்டை வாங்குங்கோ. ரின்னை உடைச்சு, சீனியும் தண்ணியும் விட்டு, ஈஸ்டைத் தூவினாச் சரி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ரின்னை உடைத்துத் தண்ணீர் விடுவதும் ஒரு வேலையா? ஹொப்ஸ் பூவின் கசப்பை எவனோ முன்பே சேர்த்து வைத்திருப்பான். வெளியே லாகர் என்று எழுதியிருக்கும். உள்ளே இருப்பது பல நேரம் லாகர் ஈஸ்டே இல்லை. நான் எக்ஸ்ட்ராக்ட் ரெசிப்பிதான் என்று முடிவெடுத்தேன். முளைவிட்ட பார்லியில் எடுத்த வெறும் மால்ட் பாகை வாங்கி, நானே கொதிக்கவைத்து, நானே ஹொப்ஸைப் போட்டு, குளிரில் வேலை செய்கிற ஈஸ்டைத் தேடிப் பிடிப்பது. அந்த முடிவில் எனக்கு இன்றைக்கும் ஒரு துளி சந்தேகம் கிடையாது.

ஒரு சனிக்கிழமை காய்ச்சி, ஆறவைத்து, வாளியில் ஊற்றி, ஈஸ்டைச் சேர்த்து மூடிக் கோல்ட் ரூமில் வைத்தேன். லாகர் ஈஸ்ட் சோம்பேறி. தொடக்கத்தில் ஒரு குமிழிகூட விடாது. எனக்குத் தெரிந்ததுதான், கவலையில்லாமல் வேலைக்குப் போய்வந்தேன்.

பிறகு ஒரு மாலை எட்டிப் பார்த்தால் வாளியைக் காணவில்லை! அது வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸுக்குப் பக்கத்தில், எங்கள் தடித்த கம்பளிப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, குபுகுபு என்று குமிழி விட்டுக்கொண்டிருந்தது. இந்த நாட்டுக் குளிரில் தோசைமா புளிக்காவிட்டால் எங்கள் வீட்டில் செய்வது அதைத்தான்.

"ஐயோ, ஆர் உதை இஞ்ச கொண்டுவந்தது?"

அவள் மேலிருந்து ஓடிவந்தாள். "நான்தான். நேற்றுப் பாத்தன், ஒரு அசுமாத்தமும் இல்லை, ஒரு குமிழியும் இல்லை. குளிருக்கு விறைச்சுப்போச்செண்டு நினைச்சன்."

"லாகருக்குக் குளிர்தான் வேணும்! சூட்டில வச்சா வாழைப்பழ மணம் வரும்! எல்லாம் நாசம்!" கத்தித் தீர்த்தபிறகுதான் எனக்கு உறைத்தது. "பழுதாப் போனா ரூம் உமக்குத்தானே? பேசாமல் விட்டிருக்கலாமே?"

"ரூம் கிடைச்சிருக்கும்தான்," என்றாள், போர்வையை மடித்தபடி. "தம்பிக்கு முன்னால நீங்கள் தலைகுனிஞ்சு நிக்கிறதை ஆர் பாக்கிறது?"

வாளியைத் தூக்கித் திரும்பவும் குளிருக்குள் வைத்தேன்.

பியர் முதிர்ந்தது, போத்தலில் அடைத்தேன், மச்சானும் வந்தான். ஒரு மிடறு குடித்தான். மூக்கைக் கிளாசுக்குள் விட்டான்.

"குடிக்க நல்லாத்தான் கிடக்கு, அத்தான். ஆனா உது லாகர் இல்லை, வாழைப்பழம் மணக்குது. நான் சொன்ன மாதிரிக் கிட்டை வாங்கியிருக்கலாம்."

"தம்பி, அது நான்..." என்று அவள் தொடங்கினாள். நான் விடவில்லை.

"ஓமடா, தோத்துட்டன்," என்றேன், தலையை நன்றாக நிமிர்த்திக்கொண்டு. "அடுத்ததும் எக்ஸ்ட்ராக்ட்தான். இப்ப கெதியாக் குடிச்சு முடி. கராஜில இருந்து பிரீசரை இறக்க ஒரு கை பிடிக்கவேணும்."