அவர் வேலை, என் கையெழுத்து

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூரில் வீட்டு ஒயரிங் வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தேன். லைசென்ஸ் உள்ளவன். புது வீட்டுக்குக் கரண்ட் வேண்டுமென்றால், ஒயரிங் சரியாக இருக்கிறது என்று லைசென்ஸ் உள்ளவர் சோதித்துக் கையெழுத்துப் போட்ட அறிக்கையை மின்சார ஆபீஸில் கொடுக்க வேண்டும். வேலை தெரிந்தும் லைசென்ஸ் இல்லாதவர்கள் என்னைத் தேடி வருவார்கள். போய் ஒரு சுற்றுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். உண்மையைச் சொன்னால், பல வீடுகளில் உள்ளே போன வேகத்திலேயே வெளியே வந்திருக்கிறேன்.

என் மனைவியின் தம்பி மேனாம்பேட்டில் வீடு கட்டத் தொடங்கியபோது, ஒயரிங் எனக்குத்தான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவும் எனக்குப் படவில்லை. மெயின் போர்டை எந்தச் சுவரில் வைப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் இறங்கினால், உள்ளே யாரோ உளி வைத்துச் சுவரைக் கொத்துகிற சத்தம்.

மச்சான் வாசலுக்கு ஓடிவந்தான். "மாமா, கோச்சிக்காதீங்க. நம்ம ஃபேக்டரி எலக்ட்ரீசன்தான். ஆவடி பக்கத்துல சேக்காட்டுக்காரரு. லீவு நாள்ல வந்து செஞ்சி தரேன்னாரு. உங்களுக்கும் வேலை ஜாஸ்தி கீதே..."

எனக்கு அந்த மாதம் ஒரு வேலையும் இல்லை. அது அவனுக்கும் தெரியும்.

உள்ளே இருந்தவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. தூசியைத் துடைத்துக்கொண்டு, "வணக்கம் சார்" என்றார். அவர் குழாய் பதிக்கச் சுவரில் வெட்டியிருந்த காடியைப் பார்த்தேன். தரையிலிருந்து கூரைவரை நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. நான் வெட்டினால் நடுவில் எங்காவது ஒரு வளைவு விழும். அதைப் பூச்சு மறைத்துவிடும் என்று விட்டுவிடுவேன். பதில் வணக்கம் சொல்லாமல் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

வேலை முடிந்ததும் மச்சான் அறிக்கைத் தாளோடு வந்தான். "கையெழுத்து மட்டும் நீங்க போடணும் மாமா." அந்த 'மட்டும்' என்னை என்னவோ செய்தது. "பார்க்காம எப்படிப் போடறது?" என்றேன். மறுநாள் காலை என் மனைவியும் வீடு பார்க்க வருகிறேன் என்று கேரியரில் ஏறிக்கொண்டாள்.

அன்றைக்கு நான் சோதித்ததுபோல ஒரு வீட்டை அதற்கு முன் சோதித்ததில்லை. ஒவ்வொரு சுவிட்சு போர்டையும் கழற்றினேன். இணைப்புகளை இழுத்துப் பார்த்தேன். மெக்கர் கருவியை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினேன். ஒயரில் எங்காவது கசிவு இருந்தால் முள் இறங்கிக் காட்டிக் கொடுத்துவிடும். இறங்கவில்லை. இடத்தை மாற்றி மறுபடி சுற்றினேன். சேக்காட்டுக்காரர் பக்கத்தில் நின்று, நான் கழற்றிய திருகாணிகளை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டபோது ஒவ்வொன்றாகக் கொடுத்தார். போர்டுக்குள் ஒயர்கள் தலை வாரிப் பின்னியதுபோல அடங்கிக் கிடந்தன. என் மனைவி ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிப் பார்த்தாள். "எவ்ளோ சுத்தமா செஞ்சிருக்காரு பாருங்க!" என்றாள். எனக்குக் காது சூடேறியது.

கடைசியில் கொல்லைப்புறம் போனேன். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் குழியை மூடிச் சிமெண்ட் பூசியிருந்தார். மூடிய குழிக்குள் இருப்பது யாருக்கும் தெரியாது. எனக்கு அது போதுமாக இருந்தது.

"ஆழம் பத்தாதுபோல இருக்கே" என்றேன்.

"எட்டடி பைப்பு சார். கரி, உப்பு எல்லாம் போட்டு ரொப்பிகீறேன்."

"நான் பார்க்கலையே. தோண்டிக் காட்டுங்க. அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

மச்சான் வாயைத் திறந்தான். அவர் அவன் கையைப் பிடித்து அழுத்தினார். "சரி சார். தோண்டிக் காட்றேன்" என்றார், அவ்வளவுதான்.

அடுத்த விடுமுறை நாளில் அவரே தோண்டினார். நான் போனபோது குழிக்குள் தலை மறையும் ஆழத்தில் நின்றிருந்தார். சட்டையெல்லாம் கரி. மேலே ஏறி வந்து டேப்பின் ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையைக் கீழே விட்டார். எட்டடிக்கு மேலேயே இருந்தது. குனிந்து வெகுநேரம் டேப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையெழுத்துப் போட்டேன்.

நான் இழுத்தடித்ததில் கிரகப்பிரவேசத்துக்குள் கரண்ட் வரவில்லை. அந்த வாரமே முகூர்த்தம். விடியற்காலை இருட்டில் இரண்டு பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் பால் காய்ச்சினார்கள். புகையிலும் புழுக்கத்திலும் வந்தவர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் சத்தமாகவே கேட்டார்: "இன்னாடா இது, ஊட்டு மாப்பிள்ளையே எலக்ட்ரீசன், ஊட்டுல கரண்ட் இல்லியா?"

நான் இலை போடுவதில் மும்முரமானேன். சேக்காட்டுக்காரரும் மனைவியோடு வந்திருந்தார். நடந்ததை இப்போது சொல்லிவிடுவார் என்று முதுகு கூசியது. அவரோ, "சார் எல்லாத்தியும் நல்லா செக் பண்ணிட்டுதான் கையெழுத்து போடுவாரு. அதான் நல்லது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதுவரை அவர் கை வேலைமேல்தான் எனக்குப் பொறாமை. அன்றிலிருந்து அவர் குணத்தின்மேலும் வந்தது.

திரும்பும் வழியில் சைக்கிள் கேரியரிலிருந்து மனைவி கேட்டாள்: "அந்தக் குழியில இன்னாதாங்க தப்பு?"

நான் பெடலை மிதித்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் மதியம் வீட்டுக்கு வந்தால், என் வீட்டுச் சமையலறையில் ஸ்டூல்மேல் அவர் நின்றுகொண்டிருந்தார். கிரைண்டரைத் தொட்டால் கையில் சுருக்கென்கிறது என்று மனைவி ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு தொடாதே என்று நானும் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். தம்பியிடம் சொல்லி அவரை வரவழைத்துவிட்டாள்.

என்னைப் பார்த்ததும் பதறி இறங்கினார். "அக்கா கூப்ட்டு அனுப்பினாங்க சார். நீங்க இருப்பீங்கன்னுதான் வந்தேன்."

நான் கழற்றிய போர்டைப் பார்த்தேன். மூன்று ஓட்டை பிளக் பாயிண்டில் மேல் ஓட்டைக்கு வர வேண்டிய எர்த் ஒயர் அங்கே வந்திருந்தது. ஆனால் இணைக்கப்படவே இல்லை. முனையைச் சீவக்கூட இல்லை. வீட்டுக்குக் குடிவந்த அவசரத்தில், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சுருட்டி உள்ளே திணித்தது என் கைதான். அத்தனை வருடமும் அவள் அந்தக் கிரைண்டரில்தான் மாவாட்டினாள்.

அவருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. வாசற்படியில் நின்று மனைவி கேட்டாள்: "இன்னாங்க ஆச்சு அதுக்கு?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு ஸ்க்ரூ லூசா கீது. டைட் பண்ணிட்டா சரியாப்பூடும்" என்றார் அவர். என் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சீவி மாட்டினார். அவள் காபி கொண்டுவரப் போனாள். நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் காபி குடித்து முடிக்கும்வரை கூடத்தில் பேப்பரை விரித்துவைத்து ஒரே வரியைப் படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஆவடிப் பக்கம் அவர் செய்த வீடுகளுக்கெல்லாம் என்னிடமே கையெழுத்துக்கு வந்தார். வேறு யாரிடமாவது போயிருக்கலாம். ஏன் என்னிடம் வந்தார் என்று இன்றும் தெரியாது. நான் எந்தக் குழியையும் திறக்கச் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஏதாவது ஒன்று கோணலாக இருக்காதா என்று தேடினேன். அறிக்கைத் தாளில் அவர் பெயருக்கு இடமில்லை. என் பெயர்தான். ஆபீஸைப் பொறுத்தவரை அந்த நேர்த்தியான வீடுகள் எல்லாம் நான் செய்தவை. ஒருமுறை ஆபீஸில் இருந்த இன்ஜினியர், "உங்க வேலை இப்பல்லாம் ரொம்ப நீட்டா இருக்கே" என்றார். சிரித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். வெளியே வந்து டீக்கடையில் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் சொந்தமாக லைசென்ஸுக்கு விண்ணப்பித்தார். என் மேற்பார்வையில் இத்தனை வருடம் வேலை பார்த்தார் என்று ஒரு சான்று எழுதித் தரக் கேட்டார். நான்கு நாள் தள்ளிப்போட்டேன். லெட்டர்பேடு தீர்ந்துவிட்டது என்றேன், முத்திரை கிடைக்கவில்லை என்றேன். ஐந்தாம் நாள் மனைவி லெட்டர்பேடையும் பேனாவையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். எழுதினேன். 'வேலையில் குறை கண்டதில்லை' என்ற வரியை எழுதும்போது கை ஒருமுறை நின்றது. அடிக்காமல் முடித்துக் கையெழுத்துப் போட்டேன்.

லைசென்ஸ் வந்ததும் இனிப்போடு வந்து சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதம் ஆபீஸ் மேஜையில் ஒரு அறிக்கை கிடந்தது. எல்லா இடத்திலும் அவர் பெயர், அவர் கையெழுத்து. எழுத்துகூட நேராக, அழகாக இருந்தது. கையில் எடுத்து முழுவதும் படித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.