இடுப்பு உயரத்தில் வெட்டிய கரும்பு

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் டிவியில், நம் மாவட்ட உழைப்பாளிகளைப் பற்றிய அரசுக் குறும்படம் திரும்பத் திரும்ப ஓடியது. கச்சிராயபாளையம் பஸ் வருகிற மாதிரி இல்லை. எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரையில் சிரித்தபடி கரும்பு வெட்டிய பெண், என் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“அக்கா, இது நீங்கதான?”

“மெதுவா பேசுங்க. குனிஞ்சி வெட்டுனா மூஞ்சி தெரியலன்னு, இடுப்பு ஒசரத்துல வெட்டச் சொன்னாங்க. இதப் பாத்துட்டு, ‘அடிக்கரும்புலதான சக்கர? அத வுட்டுட்டு மேல வெட்டிக்கினு நிக்கிறாளே’ன்னு கரும்புக் கொல்லக்காரங்க ஒருத்தரும் வேலைக்குக் கூப்புடலீங்க.”

படம் மறுபடி ஆரம்பித்தது. அவர் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

முகம் தெரியத்தான் எடுத்தார்களாம்.

அந்த டிவி ரிமோட் யாரிடம் இருக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.